வெறும் பக்கமும் விடைகூறும் கடமையும்

வெறும் பக்கம் என்றவுடன் மாணவராகிய நம் நெஞ்சில் முதற்கண் தோன்றுவது தேர்வு மண்டபமே. எழுதவேண்டியது யாதென்று அறியாது, கையிற் பேனாவுடன் வெண்டாளை நோக்கியிருந்த அனுபவம் நம்மிற் பலர்க்கும் உண்டு. ஆயினும், அத்தாள் வெறுமையாய் இருத்தற்குக் காரணம் யாதென்பதை நாம் நன்கு அறிவோம். பழி பிறர்மேற் செல்லாது. ஈண்டு யான் கூறப் புகுவதோ மற்றொரு வெறும் பக்கத்தைப் பற்றி. இணையத்தளம் ஒன்றைத் திறக்குங்கால், எழுத்தும் படமும் விளங்கவேண்டிய இடத்தில் யாதும் இன்றி, சுண்ணாம்பு பூசிய சுவரென வெண்மையே தோன்றும் காட்சி அது. இக்காலத்து அதனைக் காணாதார் அரியர். அஃது ஏன் தோன்றுகின்றது என வினவினாரோ சிலர். அதற்கு விடைகூறும் கடமை யாருடையது என எண்ணிப் பார்த்தார் அவரினும் சிலர்.

இவ்வெண்ணம் என்னுள் எழுந்தது எங்கள் ஊராகிய திசையன்விளையில் நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியால். என் சிற்றன்னையின் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நன்கு தேறியவள். தொழிற்படிப்பு ஒன்றிற்கு அவள் விண்ணப்பிக்க விழைந்தாள். விண்ணப்பம் இணையத்தின் வழியே அனுப்பப்படல் வேண்டும்; கட்டணமும் அவ்வழியே செலுத்தப்படல் வேண்டும்; அன்றே இறுதி நாள். சிற்றன்னை பீடி சுற்றி ஈட்டிய கூலியிலிருந்து எடுத்த பணத்துடன், மாலையில் மூவரும் கடைவீதியிலுள்ள பிரௌசிங் சென்டருக்குச் சென்றோம். பெயர், பிறந்த நாள், மதிப்பெண் அனைத்தும் பிழையின்றி நிரப்பப்பட்டன. பணமும் சென்றது. ‘சமர்ப்பி’ என்னும் பொத்தானை அவள் அழுத்தினாள். திரை வெண்மையாயிற்று.

சிறிது நேரம் காத்திருந்தோம். யாதும் வரவில்லை. அவள் முகம் வாடிற்று. கடைக்காரரை நோக்கி, “அண்ணாச்சி, நாந்தான் எதையோ மாத்தி அமுக்கிட்டேனோ?” என்றாள். அவர் நல்லவர். “நீ ஒண்ணும் செய்யலம்மா. வெள்ளையா வருது, நான் என்ன செய்ய? இன்னொரு தடவ போட்டுப் பாரு” என்றார். மறுமுறையும் விண்ணப்பம் நிரப்பப்பட்டது. மறுமுறையும் பணம் சென்றது. மறுமுறையும் வெண்மையே வந்தது. நள்ளிரவில் நாள் முடிந்தது. மறுநாட் காலையில் அத்தளம் ஒன்றும் நிகழாதது போல விளங்கிற்று. அவள் விண்ணப்பம் மட்டும் அதனுள் இல்லை. இருமுறை சென்ற பணமும் சில நாட்களிற் கணக்கிற்குத் திரும்பி வந்தது. கடந்த நாள் திரும்பி வரவில்லை. அவளுக்கு ஓர் ஆண்டு போயிற்று.

அவ்விழப்பினும் என்னை மிகுதியும் வருத்தியது அவள் வினவிய வினாவே. பிழை எங்கோ தொலைவிலுள்ள ஒரு கணினியில் நேர்ந்தது. அப்பிழைக்கு உரியவர் யாவரோ, யாம் அறியோம். குற்றவுணர்ச்சி மாத்திரம் திசையன்விளையில், பதினேழு வயதுப் பெண்ணொருத்தியின் நெஞ்சிற் குடிபுகுந்தது. இன்றளவும் அவள் அதனை முற்றும் மறந்திலள். வெறும் பக்கத்தின் கொடுமை யாதெனில், அது யாதும் கூறாமையால், எளியார் தம்மையே நொந்துகொள்ளச் செய்வது.

இதன்பின் யான் இப்பொருளை நூல்களினும், கணினித்துறையில் பயிலும் நண்பர் வாயிலாகவும் ஒருவாறு ஆராய்ந்தேன். ஆராய்ந்து தெளிந்தது ஒன்று. வெறும் பக்கம் என்பது பெரும்பாலும் பொருளின் இன்மை அன்று. நேர்ந்த பிழையை உரையாமையே ஆம். இதனை விளக்குவதற்கு, ஓர் இணையப் பக்கம் நம் கண்முன் வருமாற்றைச் சுருங்கக் கூறுதல் வேண்டும்.

நாம் ஒரு தளத்தின் முகவரியைக் குறித்தவுடன், உலாவியானது அம்முகவரிக்குரிய எண்ணை முதலில் வினவி அறிகின்றது. அவ்வெண்ணுக்குரிய கணினியைச் சர்வர் என்பர். தமிழில் வழங்கி எனலாம். வழங்கியில் இக்காலத்துப் பக்கங்கள் அச்சிட்ட தாள்கள் போல அடுக்கி வைக்கப்பெற்றில. நாம் கேட்கும் அந்நொடியிலேயே, நிரல் ஒன்று தரவுத்தளத்திலிருந்து செய்திகளை எடுத்து, உரிய வடிவிற் கோத்து, புதிதாக ஒரு பக்கத்தைச் சமைத்து அனுப்புகின்றது. அதனைப் பெற்ற உலாவி படித்துத் திரையில் வரைகின்றது. உணவு விடுதியிற் கேட்டவுடன் இலையில் வந்து விழும் தோசையை ஒத்தது இது. முன்னரே சுட்டு வைத்ததன்று. அடுப்படியில் ஒரு தடை நேர்ந்தால் இலை வெறுமையாய்க் கிடக்கும். மாவு மட்டும் பானையில் அப்படியே இருக்கும்.

அடுப்படியில் நேரும் தடைகள் பல. முதலாவது, நிரலில் உள்ள எழுத்துப் பிழை. ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் அல்லது ஒரு மேற்கோட்குறி மிகுந்தால், நிரல் முழுவதும் நின்றுபோதல் கூடும். நம் முன்னோர் ஓலையில் எழுதுங்கால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலே எழுதினர்; புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அஞ்சினர். படிப்பவர் இடம் நோக்கி, இது மெய், இஃது உயிர்மெய் என உணர்ந்துகொண்டனர். கணினிக்கு அவ்வுணர்வு இல்லை. அதற்குப் புள்ளி புள்ளியே. இல்லையெனில் பொருளே இல்லை.

இரண்டாவது, அளவு மீறுதல். இணையத்தளங்கள் பலவற்றை இயக்கும் நிரல்மொழி பி.எச்.பி. என்பது. அதில் ஒவ்வொரு பக்கத்தையும் சமைத்தற்கு இவ்வளவே நினைவகம், இவ்வளவே காலம் என வரையறை உண்டு. இயல்பாக அமைந்த வரையறை 128 மெகாபைட்டு நினைவகமும் 30 விநாடிக் காலமும் ஆகும். தளத்தை நடத்துவோர் இதனைக் கூட்டவும் குறைக்கவும் வல்லர். இறுதி நாளன்று ஆயிரவர் ஒருங்கே வந்து மோதுங்கால், தரவுத்தளம் விடையிறுக்கக் காலந் தாழ்க்கும். அவ்வாறு காலந் தாழ்ப்பின் நிரல் பாதியிலேயே வெட்டுண்ணல் கூடும். பணம் செலுத்தும் பகுதி முடிந்து, விண்ணப்பத்தைப் பதியும் பகுதி தொடங்கு முன்னர் இவ்வெட்டு நேர்ந்தால் யாது விளையும்? என் தங்கைக்கு விளைந்தது போன்றதே விளையும்.

மூன்றாவது, காலமாற்றம். நிரல்மொழிகளும் இலக்கணம் மாறும் இயல்பின. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் பி.எச்.பி.யின் ஏழாம் பதிப்பு வெளிவந்தபோது, தரவுத்தளத்தோடு உரையாடுதற்குப் பலரும் பயன்படுத்திய பழைய கட்டளைத் தொகுதி ஒன்று அடியோடு நீக்கப்பட்டது. 2020-ஆம் ஆண்டு நவம்பரில் வந்த எட்டாம் பதிப்பிலும் சில பழங்கட்டளைகள் கழிந்தன. இத்தகைய கட்டளைகளைக் கொண்டு எழுதப்பெற்ற தளம் ஆண்டுக்கணக்காய் நன்கு இயங்கியிருக்கும். வழங்கியை வாடகைக்கு விடுவோர் ஒருநாள் அதன் மொழிப்பதிப்பை உயர்த்துவர். மறுநாள் அத்தளம் வெண்மையாய் நிற்கும். தளத்தை நடத்துவோர், “யாம் ஒன்றையும் தொட்டிலேம்” என்பர். அவர் கூற்று மெய்யே; தொடாது விட்டதே ஆண்டு வினையாயிற்று.

நான்காவது, ஒட்டுச் செருகுகளின் பூசல். உலகத்து இணையத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவற்றை இயக்குவது 2003-ஆம் ஆண்டில் தோன்றிய வேர்டுபிரஸ் என்னும் மென்பொருள். அதனோடு பலரும் எழுதிய செருகுநிரல்களை வேண்டியவாறு இணைத்துக்கொள்ளலாம். ஒன்று படம் காட்டும். ஒன்று படிவம் வாங்கும். ஒன்று காவல் காக்கும். ஒருவர் எழுதியது மற்றவர் எழுதியதோடு முரணினால், இரண்டும் பொருதுகொண்டு பக்கம் முழுமையும் நின்றுவிடும். இவ்வாறு தோன்றும் வெண்மைக்கு அத்துறையினர் ‘வெண்டிரைச் சாவு’ என்னும் பொருள்பட ஒரு பெயரே இட்டு வழங்கினர் எனின், அஃது எத்துணைப் பரவியது என்பது விளங்கும்.

இதுகாறும் கூறியன வழங்கியில் நேர்வன. நம் கைப்பேசியில் நேர்வனவும் உள. இக்காலத்துத் தளங்கள் பல, வழங்கியிலிருந்து ஒரு வெறுஞ் சட்டத்தை மட்டும் அனுப்பி, உள்ளே இருக்கவேண்டியதனை ஜாவாஸ்கிரிப்டு என்னும் நிரலால் நம் கருவியிலேயே வரையச் செய்கின்றன. அந்நிரல் புதிய இலக்கணத்தில் எழுதப்பெற்று, நம் கைப்பேசி பழையதாயின், அதற்கு அஃது அயன்மொழி ஆகிவிடும். முதல் வரியிலேயே திகைத்து நின்றுவிடும். திரையில் வெறுஞ் சட்டமே எஞ்சும். பக்கத்தைப் படைத்தவரோ தம் புத்தம் புதிய கருவியிற் பார்த்து, எல்லாம் செவ்விதின் உளது என்று மகிழ்வர். செல்வர் கைப்பேசியில் எழுத்தாய்த் தோன்றுவது வறியவர் கைப்பேசியில் வெண்மையாய்த் தோன்றுதல் கூடும் என்பதை நாம் சிந்தித்தல் வேண்டும்.

எழுத்துருவாலும் சிறுபொழுது வெண்மை விளைவதுண்டு. தளத்திற்கென அழகிய எழுத்துரு ஒன்றை அமைத்திருப்பர்; அது வந்து சேருங்காறும் உலாவி எழுத்துகளை மறைத்து வைக்கும். பெரும்பாலான உலாவிகளில் இஃது ஏறத்தாழ 3 விநாடி நீடிக்கும். பின்னர்க் கருவியிலுள்ள பொது எழுத்துருவைக் கொண்டேனும் காட்டிவிடும். இது பொறுக்கத்தக்கது.

வெறும் பக்கத்தினின்று வேறுபட்ட ஒன்றையும் ஈண்டுக் குறித்தல் நலம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18-ஆம் நாட்களில் நம் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களிற் பெருமழை பெய்து, தாமிரபரணி கரை கடந்ததை நாம் மறந்திலேம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. மின்சாரம் நின்றது, பல இடங்களிற் கைப்பேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. அந்நாட்களில் இணையத்தளத்தைத் திறக்க முயன்றோர் கண்டது வெண்மையன்று. இணைப்பு இல்லை என்று உலாவி தானே கூறிய செய்தியே. சில கைப்பேசிகளில் அச்செய்தியுடன் ஒரு சிறு டைனோசர் உருவமும் நிற்கும். துன்பத்திலும் அஃதோர் ஆறுதல்; காரணம் இன்னதென்று அறிந்தோம்; பொறுத்திருந்தோம். எவரும் தாம் தவறாக அழுத்திவிட்டதாகக் கலங்கவில்லை. காரணங் கூறும் ஒரு வரிக்கு எத்துணை ஆற்றல் உண்டு!

இனி, வழங்கியும் உலாவியும் தம்முட் பேசிக்கொள்ளும் முறையிலேயே பிழையை உரைத்தற்கு வழி வகுக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு விடையோடும் ஓர் எண் செல்லும். 200 எனின் ‘நலம்’ என்று பொருள். 404 எனின் ‘கேட்டது இங்கில்லை’. 500 எனின் ‘எம்மிடத்தே பிழை நேர்ந்தது’. 503 எனின் ‘இப்பொழுது பணிசெய்ய இயலாது’. வெறும் பக்கத்தோடு 500 என்னும் எண் வருமாயின், உலாவி சிலபொழுது அதனையேனும் எடுத்துக் காட்டும். வெறும் பக்கத்தை 200 என்னும் எண்ணுடன் அனுப்பும் தளமே பெரிதும் வருந்தத்தக்கது. உறை வந்தது, முத்திரை உளது, முகவரி செவ்விது, பிரித்துப் பார்த்தால் உள்ளே கடிதம் இல்லை. ‘நலம், நலமறிய அவா’ என்று உறைமேல் எழுதி, உள்ளே ஒன்றும் வையாது அனுப்புவாரை நாம் யாதென்று சொல்வோம்?

“பிழைகளை வெளியிற் காட்டுதல் இடர் பயக்கும்” என்று அத்துறையினர் சிலர் கூறுவர். இதனைப் புறந்தள்ளுதல் முறையன்று. நிரல் தானே எழுதும் பிழைச்செய்தியில், கோப்புகள் இருக்குமிடம், தரவுத்தளத்தின் பெயர் முதலியன வெளிப்படும். திருடர்க்கு அது வழிகாட்டியாகும். ஆதலின் மக்கள் காணும் தளங்களில் அச்செய்தியை மறைக்குமாறு அமைப்பது நல்வழக்கே. ஆனால், திருடர்க்கு அஞ்சி வீட்டின் திறவுகோலை மறைத்து வைப்பது வேறு. விருந்தினர் கதவைத் தட்டுங்கால் உள்ளிருந்து ஒரு குரலும் கொடாதிருப்பது வேறு. பிழையின் நுட்பம் முழுவதையும் தளத்தாரின் குறிப்பேட்டில் எழுதுக. படிப்பவர்க்கு எளிய சொல்லில், “பிழை எம்முடையது; பொறுத்தருள்க” என்று கூறுக. இரண்டும் ஒருங்கே இயலும்.

இயலும் என்பதற்குச் சான்றும் உண்டு. மேற்கூறிய வேர்டுபிரஸ் மென்பொருளை ஆக்குவோர், 2019-ஆம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட 5.2-ஆம் பதிப்பில் ஒரு திருத்தம் செய்தனர். பெரும்பிழை நேருங்கால் வெண்மைக்கு மாறாக, தளத்தில் இடர் நேர்ந்துளது என்னும் செய்தி படிப்பவர்க்குத் தோன்றும். அதனுடன், தளத்தை நடத்துவோர்க்கு மின்னஞ்சல் செல்லும். பிழை செய்த செருகுநிரலை ஒதுக்கிவைத்து உட்புகுதற்கு வழியும் அதில் இருக்கும். பதினாறு ஆண்டு கழித்தேனும் இக்கடமையை அவர் ஏற்றனர். அவர்க்கு இயன்றது மற்றையோர்க்கு இயலாதது எங்ஙனம்?

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று சிலர் நகைத்தல் கூடும். அன்பர்காள், வெறும் பக்கத்தின் வரலாற்றைத் தமிழரினும் நன்கறிந்தார் யாவர்? எங்கள் திசையன்விளை பனைகள் நிறைந்த செம்மணற் பூமி. அப்பனையின் ஓலையிலேதான் நம் முன்னோர் தம் அறிவனைத்தையும் எழுதி வைத்தனர். செல்லரித்தும், நெருப்பிற்கு இரையாகியும், ஆற்றில் விடப்பட்டும் அவற்றுட் பல மறைந்தன. எஞ்சியவற்றைத் தேடி ஊர்தோறும் நடந்தவர் உ. வே. சாமிநாதையர் அவர்கள். பத்துப்பாட்டின் ஏடுகளை நாடி அவர் நம் திருநெல்வேலிக்கும் ஆழ்வார்திருநகரிக்கும் வந்ததை நாம் அறிவோம்.

அவர் 1894-ஆம் ஆண்டில் புறநானூற்றை அச்சிட்டார். நானூறு பாட்டுகளில் 267, 268 ஆகிய இரண்டும் கிடைத்தில. அவர் செய்தது யாது? 269-ஆம் பாட்டை 267 என எண்ணி, குறை தோன்றாதவாறு மூடிவிட்டாரா? இல்லை. அவ்விரண்டும் இல்லை என்பதை எண்ணே காட்டுமாறு இடம் விட்டார். அடிகள் சிதைந்த பாட்டுகளிற் சிதைந்த இடம் புள்ளிகளால் இன்றும் குறிக்கப்பெறுகின்றது. 1904-ஆம் ஆண்டில் அவர் பதிப்பித்த பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் இல்லை. அந்நூல் இரண்டாம்பத்து என்ற பெயருடனேயே தொடங்குகின்றது. இல்லாததை இல்லை என்று கூறுதலே பதிப்பாளரின் வாய்மை. அப்புள்ளிகளும் ஒருவகை வெறுமையே. ஆயின் அவை பேசும் வெறுமை. “ஈண்டு ஒன்று இருந்தது, அஃது இன்று எம்மிடம் இல்லை” என்று அவை நமக்கு உரைக்கின்றன.

அவ்வாறு உரைத்தலாற் பயனும் உண்டு. குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் பெயர்கள் நிரலே வரும் பகுதி ஒன்று உளது. சாமிநாதையர் முதலிற் பெற்ற ஏடுகளில் அம்மலர்களிற் சில உதிர்ந்திருந்தன. குறையை அவர் மறையாது நெஞ்சிற் கொண்டமையால், இடைவிடாது தேடினார். தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்டு மகிழ்ந்தார். ஓரிடத்து உதிர்ந்தது மற்றோரிடத்து நின்றது. குறை இன்ன இடத்தில் உளது என்று அறிந்தமையாலும், வேறொரு படி வேறோர் இடத்தில் இருந்தமையாலும், அம்மலர்கள் மீண்டும் மலர்ந்தன.

இணைய உலகிலும் இவ்வுண்மை மெய்ப்பட்டுளது. ஜியோசிட்டீஸ் என்னும் தளத்தில் உலகத்து மக்கள் இலவசமாய்த் தத்தம் பக்கங்களை அமைத்திருந்தனர்; தமிழரும் அங்கே பக்கம் வைத்திருந்தனர். அதனை மூடுவதாக யாகூ நிறுவனத்தார் 2009-ஆம் ஆண்டு ஏப்ரலில் அறிவித்து, அக்டோபரில் மூடினர். இழப்புப் பெரிதே. எனினும் அறிவித்தமையால், ஆர்வலர் பலர் ஒன்றுகூடி, மூடுமுன் பெரும்பகுதியைப் படியெடுத்துக் காத்தனர். அறிவியாது ஒருநாட் காலையில் வெண்மையாக்கியிருந்தால் யாவர் என் செய்திருப்பர்? உரைத்த இழப்புக்கு மருந்து உண்டு. உரையாத இழப்புக்கு இல்லை. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் நம் நூல்களைத் தட்டச்சு செய்து, எவரும் படியெடுத்துக்கொள்ளுமாறு வழங்குவதும் இக்கருத்து நோக்கியே போற்றத்தக்கது. ஒரு வழங்கி வெண்மையுற்றாலும், படி பல்லோர் கையில் இருக்கும்.

ஆகவே, மக்களிடம் விண்ணப்பமும் பணமும் வாங்கும் தளத்தார் எவராயினும், அவரிடம் நாம் வேண்டத்தக்கன சில உள. பிழை நேருங்கால் வெண்மையைக் காட்டற்க. அதற்கென முன்னரே ஒரு பக்கம் எழுதி வைத்திடுக. பிழை எம்முடையது என்று அதில் முதல் வரியிற் கூறுக. விண்ணப்பம் பதிவாயிற்றா இல்லையா என்பதை அறியும் வழியைக் காட்டுக. மறுமுறை பணம் செலுத்தற்க என்று தெளிவாக எச்சரிக்க. இறுதி நாளிற் பிழை நேரின், அந்நாளை நீட்டிக்க. இவை அனைத்தும் தமிழில் இருத்தல் வேண்டும்; பீடி சுற்றும் சிற்றன்னை படித்தவுடன் பொருள் விளங்கும் தமிழில் இருத்தல் வேண்டும்.

இவ்விடத்தேதான் தமிழ் மாணவர்க்கும் பணி உளது. நிரல் எழுதுவது பொறிஞர் தொழில். பிழை நேர்ந்தபோது மனிதர்க்குக் கூறவேண்டிய ஐந்து வரிகளை எழுதுவது மொழியறிந்தார் தொழில். “எதிர்பாராத வழு ஏற்பட்டுள்ளது” என்று பொருள் விளங்காச் சொற்களை அடுக்குதல் வெண்மையினும் சிறிதே மேலானது. ‘உங்கள் பணம் எங்கும் போகவில்லை; நாளைக் காலை மறுபடியும் பாருங்கள்’ என்று எழுதினால், ஒரு குடும்பம் அன்றிரவு உறங்கும். நம் பழைய மாணவருட் பலர் இன்று சென்னையிலும் பெங்களூரிலும் அயல்நாடுகளிலும் கணினித் தொழிலில் உளர். அவர்கள் இவ்விதழைப் படிப்பாராயின், தாம் ஆக்கும் தளத்தில் வெண்மைக்கு இடமுண்டா என்று ஒருமுறை பார்க்குமாறு தம்பியொருவன் வேண்டுவதாக இதனைக் கொள்வாராக.

நாம் செய்யத்தக்கனவும் உள. வெறும் பக்கத்தைக் கண்டவுடன் மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தற்க. பணம் சென்றிருப்பின், வங்கிக் கணக்கைப் பாராது மறுமுறை செலுத்தற்க. திரையை, நேரம் தெரியுமாறு, படமாக எடுத்து வைத்துக்கொள்க. வேறொரு கருவியிலோ வேறோர் உலாவியிலோ திறந்து பார்க்க. அங்கு விளங்கின் குறை நம் கருவியது. அங்கும் வெண்மையாயின் குறை பெரும்பாலும் அவருடையது. பின்னர், நாளும் நேரமும் குறித்து, தளத்தார்க்கு எழுத்து மூலம் அறிவிக்க. இறுதி நாள்வரை காத்திராமை இவை அனைத்தினும் நன்று. ஆயினும் இறுதி நாளும் அவர் கொடுத்த நாளே என்பதை மறத்தல் ஆகாது.

தவறு செய்யாத கணினி இல்லை. தவறு செய்யாத மனிதரும் இல்லை. பிழை நேர்ந்ததற்காக எவரையும் யான் பழித்திலேன். நேர்ந்த பிழையை வெண்மையால் மூடி, அதன் சுமையை எளியார் தலையில் ஏற்றுதலையே பழிக்கின்றேன். என் தங்கை இவ்வாண்டு மீண்டும் விண்ணப்பித்தாள், இறுதி நாளுக்கு ஒரு வாரம் முன்னரே அனுப்பினாள், பதிவெண்ணும் பெற்றாள். பொத்தானை அழுத்துமுன் அவள் விரல் சிறிது நின்றதை யான் கண்டேன். அவ்விரல் அஞ்சாது அழுத்தும் நாள் வருதல் வேண்டும். அதற்கு, பிழை செய்வார் பிழை எமதே என்று தமிழில் ஒரு வரி எழுதுவாராக.

— தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவன்,
திசையன்விளை.